வேலித் தகராறு: விடுவதா, பேசுவதா, அளப்பதா, கோர்ட்டுக்குப் போவதா?

போன வருஷம் மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. திருப்பூரில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவிடமிருந்து போன். “கண்ணு, தெக்காலத் தோட்டத்துக்காரரு ஜேசிபி கொண்டாந்து வேலியப் புடுங்கறாரு. ஐயன் அங்க நின்னு கத்திட்டிருக்கறாரு, சீக்கிரம் வா.” எங்கள் பக்கம் ஐயன் என்றால் அப்பா, அப்பாரு என்றால் தாத்தா. காங்கயம் தாண்டி, தாராபுரம் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாரு காலத்துக் கிளுவை வேலி முந்நூறு அடிக்கும் வேரோடு சாய்ந்து கிடந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் அங்கே கல்லுக்கால் வரிசை நின்றது. பத்தடிக்கு ஒன்று, மொத்தம் 31 கால்.

அன்று ராத்திரி வாசலில் நாலு கட்டில் போட்டு உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு யோசனை. மாமா, “காலையில மொத வேலையா ஸ்டேஷனுக்குப் போயிரலாம் மாப்ளே” என்றார். சித்தப்பா கோர்ட்டு என்றார். மேக்காலத் தோட்டத்துப் பெரியவர், “ஊருக்குள்ள நாலு பேரை வெச்சுப் பேசி முடிச்சுக்கலாமுங்க” என்றார். அம்மா தட்டத்தை எடுத்துக்கொண்டே, “ரெண்டடி போனாப் போயிட்டுப் போகுது, விட்டுத் தொலைங்க” என்றார். ஐயன் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு போலீஸ், பேச்சு, அளவு என்று மூன்று வழியை நாங்கள் போய்ப் பார்த்துவிட்டோம். கோர்ட்டைச் சித்தப்பா வேறொரு விஷயத்தில் பார்த்திருக்கிறார். எது எதற்கு உதவும், எது எங்கே காலை வாரும் என்று தெரிந்ததை எழுதுகிறேன். இதே மாதிரி நிலைமையில் இருக்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

சண்டை கோட்டைப் பற்றியா, வேலியைப் பற்றியா?

வழியைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னால் ஒன்றைத் தெளிவு பண்ணிக்கொள்ள வேண்டும். வேலித் தகராறு என்று ஒரே பேரில் சொன்னாலும் உள்ளே மூன்று தகராறு இருக்கும். எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது ஒன்று. அந்தக் கோட்டில் என்ன வேலி, யார் செலவு என்பது இன்னொன்று. மூன்றாவது, வேலிக்கே சம்பந்தமில்லாதது: கிணற்று முறைத் தண்ணீர், கல்யாணத்துக்குக் கூப்பிடாதது, அவர் போர் போட்ட வருஷம் நம் கிணறு வற்றியது, இப்படி.

எங்கள் விஷயத்தில் நாங்கள் கோட்டைப் பற்றியே கத்திக்கொண்டிருந்தோம். தெக்காலத் தோட்டத்து அண்ணனுக்கு விஷயம் வேலிதான். முந்தின வருஷம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து அவருடைய ஆடுகளைக் கடித்துக் கொன்றுவிட்டன. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் ஆடு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கொடுமை தெரியும். கிளுவை வேலியில் நாய்க்குச் சந்து இல்லாமல் இருக்காது. அவர் கம்பிவலை அடிக்கலாம் என்று ஐயனிடம் ரெண்டு தடவை கேட்டிருக்கிறார். ஐயன், “எங்கப்பன் வெச்ச வேலி, அதுபாட்டுக்கு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டிருக்கிறார். இதை ஐயன் எங்களிடம் சொல்லவே இல்லை! அவர் ஜேசிபி கொண்டுவந்தது தப்புதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அவர் நிலத்தைப் பிடிக்க வந்தாரா, ஆட்டைக் காப்பாற்ற வந்தாரா என்பது தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுத்தால் வழி தப்பிப் போகும்.

விட்டுவிடுவது

அம்மா சொன்ன வழியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலி முழுக்க எங்களுடையது என்பது ஐயனின் வாதம். வேலியின் அகலம் நாலடி. அவர் கால் நட்ட இடத்தை வைத்து எங்கள் கணக்குப்படி கிழக்குக் கோடியில் ரெண்டடி, மேற்குக் கோடியில் நாலடி போயிருந்தது. சராசரி மூன்றடி. முந்நூறு அடி நீளத்துக்கு 900 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக, ரெண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. மானாவாரிக் காட்டில் ரெண்டு சென்ட்டில் என்ன விளையும்? அவினாசி ரோட்டோரம் வீட்டுமனை என்றால் அதே ரெண்டு சென்ட்டின் கதை வேறு. விட்டுவிடுவதா என்ற கேள்விக்கு இடத்துக்கு இடம் பதில் மாறும்.

ஆனால் சும்மா விடுவது வேறு, தெரிந்து விடுவது வேறு. 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் நம் நிலத்தை வெளிப்படையாக, தொடர்ச்சியாக, நமக்கு எதிராகத் தன்னுடையது என்று 12 வருஷம் அனுபவித்தால், அதற்கு அப்புறம் நாம் கேட்டு வாங்குகிற உரிமை போய்விடும். எதிரிடை அனுபவம் என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். அதை நிரூபிப்பது அவ்வளவு சுலபமில்லை என்றாலும், பேரப்பிள்ளைகள் தலையில் அந்தக் கேள்வியை ஏற்றி வைக்க வேண்டியதில்லை. விடுவதென்றால், “இது என் நிலம், நீங்கள் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறேன்” என்று ஒரு கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும், நகல் நம்மிடம் இருக்கட்டும். நம் அனுமதியோடு இருப்பவர் நமக்கு எதிராக அனுபவிக்கிறார் என்று ஆகாது. நிரந்தரமாகவே கொடுத்துவிடுவதென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிய வேண்டும். வாய்ச்சொல்லில் கொடுத்த நிலம் இன்னொரு தலைமுறைச் சண்டைக்கு விதை.

ஐயனால் விட முடியாது என்பது ரெண்டாம் நாளே தெரிந்துவிட்டது. சாப்பாட்டில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்.

போலீஸ்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மாமா ஐயனைக் கூட்டிக்கொண்டு போய் மனு கொடுத்தார். ரசீது கிடைத்தது. ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு, “இது சிவில் விவகாரம், அளந்துக்குங்க, இல்லாட்டி கோர்ட்டுக்குப் போங்க” என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. எல்லை எது என்று தீர்மானிக்கிற அதிகாரம் போலீசுக்கு இல்லை. நடுவில் என்ன ஆயிற்று என்றால், அந்த அண்ணனும் ஐயன் தன்னை வெட்டுவேன் என்றதாக எதிர்மனு கொடுத்தார். ஐயன் சொல்லியிருப்பார், எனக்குச் சந்தேகமில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

அடிதடி, மிரட்டல், நட்ட சர்வே கல்லைப் பிடுங்குவது, இதற்கெல்லாம் போலீஸ்தான். சர்வே கல்லை நகர்த்துவது குற்றம். நிலத் தகராறில் கலவரம் வரும்போலிருந்தால் கோட்டாட்சியர் தலையிட்டு யார் அனுபவத்தில் இருக்கிறது என்று பார்த்து உத்தரவு போட முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு, இப்போதைய சட்டத்தில் 164. ஆனால் அதுவும் அமைதிக்கான ஏற்பாடுதான், உரிமையைத் தீர்மானிக்காது.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவது

கொங்கு நாட்டில் இது பழைய வழி. இன்னும் வேலை செய்கிற வழி. எத்தனையோ கிணற்றுப் பங்கு, வண்டித்தடம், பாகம் பிரித்தது எல்லாம் ஒரு வேப்ப மரத்தடியில் முடிந்திருக்கிறது. செலவு ஒரு தூக்குச் சட்டி காபியும் ரெண்டு மணி நேரமும்தான்.

எங்கே கோளாறு என்றால், பெரியவர்களுக்கு மனுஷர்களைத் தெரியும், கோடு தெரியாது. எங்களுக்கு நடந்த பேச்சில் ஒருவர், “உங்கப்பாரு இருக்கறப்ப வேலி இன்னும் அந்தப் பக்கம் இருந்துச்சுங்க” என்றார். இன்னொருவர் இந்தப் பக்கம் என்றார். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கடைசியில் ஒருவர், கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிடலாமே என்றார். எதன் மேல் சத்தியம் பண்ணுவது? ரெண்டு பேருமே தாங்கள் சொல்வதை முழுசாக நம்புகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரெண்டு தரப்பும் ஒரே சாதி, ஒரே ஊர், ஒரே வசதி என்றால் மரத்தடி நியாயம் ஓரளவு நியாயமாக இருக்கும். பக்கத்து நிலத்துக்காரர் அந்த மரத்தடியில் கட்டிலில் உட்கார முடியாதவர் என்றால் அது பேச்சு இல்லை, கட்டப்பஞ்சாயத்து. அப்படிப்பட்ட இடத்தில் இந்த வழியையே எடுக்கக் கூடாது. எழுத்தில் இருக்கிற வழிகளுக்கு நேராகப் போய்விடுவதுதான் ரெண்டு பேருக்கும் மரியாதை.

ஆனால் பெரியவர்களால் ஒரு காரியம் ஆகும், அது பெரிய காரியம். “அளந்து பார்க்கலாம், அளவில் வருவதை ரெண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும்” என்று ரெண்டு தரப்பையும் சொல்ல வைப்பது. எங்களுக்கு நடந்ததும் அதுதான். மேக்காலத் தோட்டத்துப் பெரியவர் மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, வேலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த அண்ணனிடம், “அளக்கறதுல உனக்கொண்ணும் சங்கடமில்லையில்லப்பா?” என்று மட்டும் கேட்டார். அவர், “எனக்கென்னங்க சங்கடம், என்ரது எனக்கு வந்தாச் சரி” என்றார். ஐயனும் தலையாட்டினார். ஒரு வருஷத்துச் சண்டை அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் திரும்பியது.

அளப்பது

என் கட்சி இதுதான். எந்த வழிக்குப் போவதாக இருந்தாலும் அளவு முன்னால் வர வேண்டும். கோர்ட்டுக்குப் போனாலும் அங்கே வக்கீல் கமிஷனரைப் போட்டு, சர்வேயரை வைத்து அளக்கத்தான் சொல்வார்கள். அதை இப்போதே செய்துகொண்டால் என்ன?

முதலில் வீட்டிலேயே செய்கிற வேலை. பட்டா, சிட்டா, புலப்படம் மூன்றையும் தமிழக அரசின் இ-சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். புலப்படம் என்பது அந்தப் புல எண்ணின் வரைபடம். ஒவ்வொரு பக்கத்துக்கும் நீளம் மீட்டரில் போட்டிருக்கும். பத்திரத்தில் இருக்கிற நான்கெல்லை விவரத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பட்டா வருவாய்ப் பதிவுதான், உரிமைக்கு ஆதாரம் பத்திரம். 1980களில் நில உடைமைப் பதிவேட்டைப் புதுப்பித்தபோது (யு.டி.ஆர். என்பார்கள்) விஸ்தீரணம் மாறிப்போன குடும்பங்கள் இன்னும் அலைந்துகொண்டிருக்கின்றன. உங்கள் பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போகவில்லை என்றால் அதைச் சரி பண்ணாமல் அளக்கக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை.

இன்னொரு முட்டுச்சந்து கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பிகள் வாய்வழியாகப் பாகம் பிரித்து, நடுவில் பொழி (எல்லை வரப்பு) போட்டு, முப்பது வருஷமாக உழுதுகொண்டிருப்பார்கள். அந்தப் பொழி புலப்படத்தில் இருக்காது. படத்தில் இல்லாத கோட்டைச் சர்வேயர் தரையில் காட்ட முடியாது. அங்கே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து, தனிப்பட்டா வாங்குவதுதான் முதல் வேலை. பங்காளித் தகராறில் பாதி இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. எல்லையில் இட்டேரியோ (ரெண்டு வேலிக்கு நடுவே போகிற தடம்) ஓடையோ இருந்தால் அது புறம்போக்காக இருக்கும். அதை ரெண்டு பேரும் பேசிப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது.

எல்லாம் சரியாக இருந்தால் அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லி விண்ணப்பம். தாலுகா ஆபீஸ் பக்கம் இதற்கு எஃப் லைன் மனு என்று பேர். 1923ஆம் வருஷத்து நில அளவை, எல்லைகள் சட்டத்திலிருந்து வருகிற நடைமுறை. இ-சேவை மையத்திலும் தமிழ்நிலம் இணையதளத்திலும் பணம் கட்டிப் போடலாம். எங்களுக்குச் சர்வேயர் வர மூன்று மாதம் ஆயிற்று. பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் போகும். அது போனதா என்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் “எனக்குத் தெரியாம அளந்தாங்க” என்று ஒரு வார்த்தையில் எல்லாம் கலைந்துபோகும்.

தனியார் சர்வேயர் ஒரு வாரத்தில் வருவார், மெஷினோடு வருவார். நாங்கள் முதலில் அதைத்தான் செய்தோம், கொஞ்சம் ஏமாந்தோம். மெஷின் துல்லியமாக அளக்கும். ஆனால் எந்தக் கல்லிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்பதை மெஷின் சொல்லாது. மேற்குக் கோடியில் தரையோடு தரையாக ஒரு கல் தலை தெரிந்தது. ரெண்டு தரப்பும் அதையே சர்வே கல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த அண்ணன் கால் நட்டதும் அந்தக் கல்லுக்குக் கயிறு பிடித்துத்தான். தனியார் சர்வேயரும் அதையே நம்பினார், அவர் கொடுத்த படத்தில் அந்த அண்ணன் நட்டது சரியாக வந்தது! அவர் கொடுத்த காகிதத்துக்கு அரசு அளவின் மதிப்பும் கிடையாது. நம் நிலவரம் என்ன என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள, நிலம் வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ள, அவர் போதும். தகராறைத் தீர்க்கப் போதாது.

அரசு சர்வேயர் வந்த அன்று ஆடி மாதக் காற்று. டேப்பைப் பிடித்தால் பாம்பு மாதிரி நெளிகிறது. அவர் அந்தக் கல்லிடம் நேராகப் போகவில்லை. புலப்படத்தை விரித்து, மூன்று புலம் சேர்கிற முச்சந்திக் கல் எங்கே என்று கேட்டார். அது வடக்கே, புளிய மரத்தடியில் இருந்தது. அங்கிருந்து படத்தில் இருக்கிற ஜி லைன் (அளப்பதற்காகக் கல்லுக்குக் கல் போட்ட குறுக்குக் கோடு) வழியாக அளந்து, அதிலிருந்து செங்குத்தாகத் திரும்பி, மேற்குக் கோடிக்கு வந்தார். வந்து நின்ற இடம் எங்கள் கல்லுக்கு ரெண்டடி தெற்கே. “இங்க தோண்டுங்க” என்றார். அந்த அண்ணனே கடப்பாரையை வாங்கிக் குத்தினார். செம்மண், அடியில் சுக்கான். ஒன்றரை அடி போனதும் ணங்கென்று ஒரு சத்தம். எல்லோரும் கிட்டே போய் எட்டிப் பார்த்தோம். அவர் கையால் மண்ணைத் தள்ளினார். பிடுங்கிப் போட்ட கிளுவையின் வேர் ஒன்று அந்தக் கல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் நாங்கள் இத்தனை நாள் சர்வே கல் என்று நினைத்தது? சர்வேயர் அதையும் தோண்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உடைந்த கல்லுக்காலின் அடித்துண்டு. எந்தக் காலத்திலோ யாரோ எருமை கட்ட நட்டது போலிருக்கிறது.

கடைசிக் கணக்கு இது. எல்லைக்கோடு கிளுவை வேலியின் நட்டநடுவில் ஓடியிருக்கிறது. வேலி முழுக்க எங்களுடையது என்ற ஐயனின் வாதம் தப்பு. அந்த அண்ணனின் கால் வரிசை கிழக்கே கோட்டின் மேலேயே இருந்தது, மேற்கே போகப் போக விலகி, கடைசிக் காலில் ரெண்டடி எங்கள் பக்கம். முந்நூறு அடிக்குச் சராசரி ஓரடி, 300 சதுர அடி. 0.69 சென்ட். முக்கால் சென்ட் கூட இல்லை.

ஒன்று முக்கியம். சர்வேயர் கோட்டைக் காட்டுவார், கல் நடுவார், வரைபடம் கொடுப்பார். தனியார் நிலத்துக்குள் இருக்கிற வேலியைப் பிடுங்கி நமக்கு இடத்தை எடுத்துத் தருவது அவர் வேலையில்லை. எதிர்த்தரப்பு, “நீ காட்டினதக் காட்டிக்க, நான் எடுக்க மாட்டேன்” என்றால் அடுத்த படி கோர்ட்டுதான். அதனால்தான் அளவில் வருவதை ஒத்துக்கொள்வோம் என்ற வாக்கை முன்னாலேயே நாலு பேர் எதிரில் வாங்கி வைத்தது உதவியது.

கோர்ட்டு, லோக் அதாலத்

சித்தப்பா கிணற்றுப் பாதைக்காகப் போட்ட வழக்கு ஒன்பது வருஷம் ஓடியது. ஜெயித்தார். ஜெயித்த வருஷம் அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை. ஆனாலும் கோர்ட்டே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்துக்காரர் நம் இடத்தில் சுவர் எழுப்ப அஸ்திவாரம் தோண்டுகிறார் என்றால் மரத்தடியில் உட்கார நேரமில்லை. மறுநாளே வக்கீலைப் பார்த்து இடைக்காலத் தடை கேட்க வேண்டும். நம் அனுபவத்தில் இருந்த இடத்திலிருந்து நம்மைச் சட்டவிரோதமாக வெளியேற்றிவிட்டால், குறித்த நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு, உரிமையை நிரூபிக்காமலே அனுபவத்தை மட்டும் மீட்கலாம். இந்த ஆறு மாதத்தைத்தான் நிறையப் பேர் பேசிப் பேசியே கோட்டை விடுகிறார்கள். நாங்களும் விட்டோம். அவர் வழக்குப் போட்டு நமக்குத் தெரியாமல் தடை வாங்கிவிடுவார் என்று பயமிருந்தால் எங்களையும் கேட்டுவிட்டு உத்தரவு போடுங்கள் என்று கேவியட் மனு போட்டு வைக்கலாம். அது 90 நாள் வரைக்கும் செல்லும்.

கோர்ட்டுக்கும் மரத்தடிக்கும் நடுவில் ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுப் போட்டால், வழக்கே போடாமல், இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்துவைப்பார்கள். கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. அங்கே எழுதுகிற உத்தரவு சிவில் கோர்ட்டு டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. மரத்தடியில் முடிந்ததை அடுத்த வருஷம் ஒருவர் மாற்றிப் பேசலாம், இதில் முடியாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். எதிர்த்தரப்பு சம்மதிக்காவிட்டால் மட்டும் அங்கே ஒன்றும் நடக்காது. பங்காளித் தகராறுக்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான இடமில்லை.

நாங்கள் அங்கேயும் போகவில்லை. சர்வேயர் போன அன்று சாயங்காலமே அந்த அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. “காலை மாத்தி நட்டுர்றேனுங்க” என்றார். ஐயன், “கூலியில பாதி நான் தர்றேன்” என்றார். சர்வேயரின் வரைபடத்தை ஒட்டி, ரெண்டு சர்வே எண்ணும் போட்டு, முத்திரைத்தாளில் எழுதி, ரெண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கினோம். நிலம் கைமாறவில்லை, இருக்கிற கோட்டை ஒத்துக்கொண்டதுதான், அதனால் பதிய வேண்டியதில்லை என்று வக்கீல் சொன்னார். வளைந்த எல்லையை நேராக்குகிறோம் என்று ஆளுக்குக் கொஞ்சம் இடம் மாற்றிக்கொண்டால் பரிவர்த்தனைப் பத்திரம் பதிந்தாக வேண்டும்.

எந்த வேலி?

கோடு தெரிந்த பிறகு வேலியைப் பற்றிப் பேசுவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

கிளுவை மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் நிற்க, சுற்றிக் கிளுவை நிற்கிற அழகே வேறு. போத்தை வெட்டி நட்டால் தழைத்துவிடும், ஆட்டுக்குத் தழை, குருவிக்குக் கூடு. செலவு கையால் செய்கிற வேலைதான். ஆனால் அடர்ந்து வேலியாக நிற்க ரெண்டு மூன்று வருஷம் வேண்டும், அது வரைக்கும் ஆடு கடிக்காமல் பார்க்க வேண்டும். அதன் பெரிய குறை அகலம். கோடு என்பது நூல் மாதிரி, கிளுவை நாலடி. அந்த நாலடிக்குள் கோடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. ரெண்டு பக்கமும் ஆளுக்குக் கொஞ்சம் செதுக்கி உழுதால் வேலி நகர்ந்ததே தெரியாமல் நகரும். எங்கள் சண்டையின் பாதி அந்த அகலத்துக்குள்தான் இருந்தது.

கல்லுக்காலும் முள்கம்பியும் கோட்டைத் தெளிவாகக் காட்டும், மாட்டை நிறுத்தும். நாய்க்கு அது வேலியே இல்லை. மடி கிழிந்து வந்த ஆட்டைப் பார்த்தவர்களுக்கு முள்கம்பி பிடிக்காது. கம்பிவலை நாயை நிறுத்தும், விலை கூடுதல், அடியில் மண்ணுக்குள் கொஞ்சம் இறக்காவிட்டால் பறித்துக்கொண்டு வரும். ஸ்லாப் வைத்துக் கட்டுகிற ரெடிமேட் காம்பவுண்ட் இப்போது கோயமுத்தூர், திருப்பூர் சுற்றி எங்கே பார்த்தாலும் இருக்கிறது. வீட்டுமனைக்குச் சரி. தோட்டத்துக்கு வேண்டாம் என்பேன்: ஐப்பசி மழையில் மேட்டுக் காட்டுத் தண்ணீர் இறங்குகிற வழியை அடைத்துவிடும், அடுத்த தகராறு அந்தத் தண்ணீரில் ஆரம்பிக்கும். மின்வேலி, மலையோரத்தில் யானைக்குப் பயந்து போடுகிறவர்கள் கூட அனுமதி வாங்கிச் சூரிய மின்வேலிதான் போட வேண்டும். மோட்டார் லைனிலிருந்து நேராகக் கம்பிக்குக் கொடுப்பது கொலைக்குச் சமம், அதில் ஒப்பீடே இல்லை. மயிலுக்கு எந்த வேலியும் வேலியில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

நாங்கள் எடுத்த முடிவு: கோட்டின் மேல் அவருடைய கல்லுக்கால், கம்பிவலை அவர் செலவு. வலையை ஒட்டி எங்கள் பக்கம் ஓரடி தள்ளி ஒற்றை வரிசைக் கிளுவை, அது எங்கள் செலவு, செதுக்குவது எங்கள் பொறுப்பு. ஐயனுக்கு அவர் அப்பன் வைத்த வேலி திரும்பி வந்த மாதிரி, அண்ணனுக்கு ஆட்டுக்குக் காவல். முதல் எட்டுக் கால் அரையடிக்குள்தான் விலகியிருந்ததால் அப்படியே விட்டோம், அதையும் காகிதத்தில் எழுதினோம். மீதி 23 காலையும் பிடுங்கி நட்டது ரெண்டு நாள் வேலை.

ஒன்று மட்டும் பாக்கி. பழைய கிளுவையில் ஒரு கடவு இருந்தது. அம்மாவும் அந்த அண்ணன் வீட்டு அக்காவும் மோருக்கும் கருவேப்பிலைக்கும் அந்த வழியாகத்தான் போய் வருவார்கள். சண்டை நடந்த நாளெல்லாம் அம்மா இட்டேரியைச் சுற்றிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், அந்த அக்காவைப் பார்க்கப் போயிருக்கிறார். கடவு விடலாமா என்று வக்கீலைக் கேட்டேன். பாதையைத் தடையில்லாமல், தன் உரிமையாக 20 வருஷம் பயன்படுத்தினால் பாதை உரிமை வந்துவிடும் என்பது 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம், அதனால் பரஸ்பர அனுமதியில் விட்டது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதிக்கொண்டோம். இருபத்தாறாவது காலுக்கும் இருபத்தேழாவது காலுக்கும் நடுவே வலை அடிக்கவில்லை. அங்கே ஒரு படல் போட வேண்டும். அது யார் செலவு என்று இன்னும் பேசி முடியவில்லை.